வெக்வீசிர்

என் அறைத்தோழன் தோளில் பச்சை குத்திக்கொள்ளப் பணம் சேர்த்து வருகிறான். எட்டுக் கிளைகள் விரிந்த அந்தச் சின்னத்தின் பெயர் வெக்வீசிர். ஐஸ்லாந்து மொழியில் வழிகாட்டி என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங் மாலுமிகள் கொண்டுசென்ற திசைகாட்டியாம்! அந்தப் பழமைக்காகவே அவனுக்கு இத்தனை ஆசை.

நானும் தேடிப் படித்தேன். வைக்கிங் காலம் ஏறத்தாழ 1066ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இச்சின்னமோ, 1860இல் கெய்ர் விக்ஃபூசன் என்பவர் அக்குரேரி நகரில் தொகுத்த 'ஹுல்ட்' என்னும் கையெழுத்துச் சுவடியில் இருப்பது. இதை உடன் வைத்திருப்பவன் புயலிலும் வழி தவறமாட்டான் என்கிறது சுவடி. கப்பலைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

தோரின் சுத்தியல் அப்படியன்று. டென்மார்க்கில் கோபெலெவ் என்ற ஊரருகே 2014இல் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுப் பதக்கத்தில், 'இது சுத்தியல்' என்றே ரூன் எழுத்தில் பொறித்திருக்கிறது. பிற்காலத்தார் ஐயுறுவர் என்று அந்தக் கைவினைஞன் எண்ணினானோ, என்னவோ!

எனினும் வெக்வீசிரைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பனிப்புயலில் வழி தெரியாமல் தவித்த மனிதரின் அச்சம் அதில் இருக்கிறதே! "குத்திக்கொள், வைக்கிங் சின்னம் என்று மட்டும் சொல்லாதே" என்றேன். "அப்படியானால் எதற்கடா?" என்று கேட்டான். பணத்தை இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான்.