தற்செயல் என்ற சொல்லும் ஒரு மிதிவண்டியும்

இங்கிலாந்தில் வீட்டுக் காப்பீட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். கட்டடம் ஒன்று, வீட்டிலுள்ள பொருட்கள் மற்றொன்று. எது கட்டடம், எது பொருள் என்ற ஐயம் எழும்போது சொல்லப்படும் பழைய உபாயம் ஒன்று உண்டு. வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குவதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கீழே விழுபவை எல்லாம் பொருட்கள், ஒட்டிக்கொண்டிருப்பவை கட்டடம். இந்தக் கணக்கின்படி கட்டில், பாத்திரம், புடவை, புத்தகம், மிதிவண்டி அனைத்தும் ஒரே இனம். சுவரில் திருகாணிகளால் பிணைக்கப்பட்ட அலமாரி கட்டடத்தின் ஓர் உறுப்பு. கேம்பிரிட்ஜில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நடைவழியில் அப்படிப் பிணைக்கப்பட்டிருந்த அலமாரி, வீட்டை யாரும் கவிழ்க்காமலேயே, 2023 பிப்ரவரியில் ஓர் இரவு விழுந்தது. அதன் கீழே மிதிவண்டி நின்றிருந்தது.

எங்களில் ஒருவர் புத்தகம் சேர்ப்பவர். மற்றவர் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர். அலமாரி, வீட்டின் முந்தைய உரிமையாளர் அமைத்தது. அதை நிறைத்திருந்தவை மூன்று தடவை கடல் கடந்து பெட்டிகளில் வந்து சேர்ந்த தமிழ் நூல்கள். ஒருவருடைய உடைமை மற்றவருடைய உடைமையின் மீது விழுந்து அதை நொறுக்கிய வழக்கு இது. பாலிசியில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தபடியால் வீட்டுக்குள் வாதி பிரதிவாதி என்று ஏற்படவில்லை. முன்சக்கரம் நெளிந்து எட்டின் வடிவத்துக்கு வந்திருந்தது. பிரேக் பிடிகளில் ஒன்று முறிந்திருந்தது. பின்சக்கரத்தின் கியர் மாற்றி உள்நோக்கி மடங்கியிருந்தது. இவையெல்லாம் மாற்றிவிடக்கூடியவை. சட்டகத்தின் மேற்குழாயில், கட்டை விரல் அழுந்தும் அளவுக்கு விழுந்திருந்த பள்ளம்தான் விஷயம். அலுமினியக் குழாய் மெல்லியது. இரும்பைப் போல அதைத் தட்டி நிமிர்த்த முடியாது. நிமிர்த்தினாலும் அதை நம்பி ஏறி உட்கார முடியாது.

மிதிவண்டிக்காரர்கள் மிகுந்த ஊர் இது. இங்கே மிதிவண்டி வைத்திருப்பவர்களின் கவலையெல்லாம் திருட்டைப் பற்றியதுதான். 2016இல் ரயில் நிலையத்தருகே ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகளை நிறுத்தும் கட்டடம் ஒன்றைத் திறந்த பிறகும் அந்தக் கவலை தீரவில்லை. நாங்களும் பூட்டுக்குச் செலவழித்தோம்; பாலிசியில் வீட்டுக்கு வெளியேயும் காப்பு வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கினோம். அப்படிக் கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் வாசற்படியைத் தாண்டியதும் மிதிவண்டி அநாதை. தற்செயல் சேதம் என்பதும் அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் கூடுதல் பிரீமியத்துக்குத் தரப்படும் இணைப்புதான். தீ, வெள்ளம், புயல், திருட்டு ஆகியவை மூலப் பாலிசிக்குள் அடங்கும்; கை தவறிக் கீழே போட்டது, கால் இடறிக் கவிழ்த்தது, மேலிருந்து எதுவோ விழுந்து உடைத்தது ஆகியவை அடங்கா. அந்த இணைப்பை நாங்கள் எடுத்திருந்ததற்குக் காரணம் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டிலிருந்த நான்கு வயதும்.

எங்கள் பாலிசிப் புத்தகம் தற்செயல் சேதத்துக்குத் தந்திருந்த வரையறை சுருக்கமானது. திடீரென நிகழ்ந்தது, எதிர்பாராதது, வேண்டுமென்றே செய்யப்படாதது. மூன்றே நிபந்தனைகள். அடுத்த பக்கத்திலேயே விலக்குகளின் பட்டியல் தொடங்குகிறது. தேய்மானம், துரு, பூஞ்சை, அந்துப்பூச்சி, வளர்ப்புப் பிராணிகள் கடித்தது, சுத்தம் செய்யும்போது உண்டானது, பந்தயத்தில் ஓட்டியபோது உண்டானது. இறுதியாக, படிப்படியாகச் செயல்படும் எந்தக் காரணத்தாலும் விளைந்தது. அந்த இறுதி வரியைப் படித்தபோது அது எங்களுக்காக எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை.

தொலைபேசியில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். எத்தனை மணிக்கு விழுந்தது என்று கேட்டார். பதினொன்றரைக்கு மேல். யாரேனும் பார்த்தார்களா? இல்லை, சத்தம் கேட்டு இறங்கி வந்தோம். அலமாரியின் மீது ஏறியோ பிடித்து இழுத்தோ யாரேனும்? குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஏன் விழுந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் நேர்மையான விடை ஒன்றுதான் இருந்தது, தெரியாது. படங்கள் அனுப்பச் சொன்னார். இந்தியாவில் சர்வேயர் என்று நாம் சொல்பவருக்கு இணையான மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வராமல், படங்களை மட்டும் பார்த்து, பன்னிரண்டு நாட்களில் கருத்து எழுதினார். சுவரில் திருகாணித் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. துளைக்குள் பிளாஸ்திரி பொடிந்திருக்கிறது. ஆகவே பாரம் தாங்காமல் பிடிமானம் பல மாதங்களாகத் தளர்ந்து வந்திருக்கிறது. ஆகவே சேதம் படிப்படியாகச் செயல்பட்ட காரணத்தின் விளைவு. ஆகவே கோரிக்கையை ஏற்பதற்கில்லை.

(சுவர்த் துளைக்குள் வைத்துத் திருகாணியைப் பிடிக்கச் செய்யும் அந்தச் சிறு ஆப்பை, நம்மூர்த் தச்சர்களும் ராவல் பிளக் என்றே சொல்வார்கள். 1910களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சேதப்படுத்தாமல் பொருத்துவேலை செய்யக் கண்டுபிடித்தது அது. எகிப்தியச் சிலைகளின் அண்டையில் பிறந்த ஒரு சாதனம் எங்கள் வீட்டு நடைவழியில் கைவிட்டதை எண்ணி அந்த வாரம் கொஞ்சம் சிரித்தோம்.)

மதிப்பீட்டாளர் சொன்னது பொய்யன்று. அதுதான் சங்கடம். துளைகள் ஒரே இரவில் தேய்ந்தவை அல்ல என்பதை நாங்களும் பார்த்தோம். ஆனால் உலகில் எந்தப் பொருள்தான் ஒரே கணத்தில் உடைகிறது? கை தவறி விழும் கண்ணாடிக் குவளைக்குள்ளும் முன்பே ஒரு மயிரிழைக் கீறல் இருக்கலாம். படிப்படியாக நிகழ்வதையும் திடீரென நிகழ்வதையும் பிரித்து, ஒன்றுக்குப் பணம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்பது காப்பீட்டுத் தொழிலின் அடித்தளம். தேய்மானத்துக்கும் பணம் கொடுப்பதென்றால் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டிவரும். அதற்குப் பெயர் காப்பீடு இல்லை. இதை நாங்கள் மறுக்கவில்லை. கோடு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் வழக்கு.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஊழ். திருக்குறளின் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பான சொல். முன்வினைப் பயன், விதி என்று பொருள் கொள்கிறோம். ஆனால் ஊழ்த்தல் என்ற வினைக்கு முதிர்தல், பழுத்தல், மலர்தல் என்ற பொருள்களும் பழைய வழக்கில் உண்டு. காம்பு மெல்ல மெல்ல நெகிழ்வதும் பழம் திடீரென விழுவதும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். எங்கள் பாலிசியை எழுதியவர்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தொழில் நடத்தியிருக்க முடியாது. நாங்களோ அவர்களுடைய மொழியில்தான் பதில் எழுத வேண்டியிருந்தது.

எழுதினோம். எங்களில் புத்தகம் சேர்ப்பவர் எழுதிய முதல் வரைவு நான்கு பக்கம். மிதிவண்டி ஓட்டுபவர் அதை அரைப் பக்கமாக வெட்டினார். வாதம் இவ்வளவுதான். திருகாணியின் பிடிமானம் தளர்ந்தது படிப்படியாக இருக்கலாம். நாங்கள் திருகாணிக்கோ சுவருக்கோ அலமாரிக்கோ இழப்பீடு கேட்கவில்லை. கேட்டது மிதிவண்டிக்கு. மிதிவண்டி படிப்படியாக நசுங்கவில்லை. இரவு பதினோரு மணிக்கு அது முழு வண்டி, நள்ளிரவில் இல்லை. திருகாணி தளர்ந்துவருவது வெளியே தெரியாத நிலையில், விழுந்தது எங்களைப் பொறுத்தவரை எதிர்பாராததே. இதை மேல்முறையீடாக அல்லாமல், முறையான புகாராகவே அனுப்பினோம். இந்த நாட்டில் அதற்கு ஒரு காரணம் உண்டு. புகார் என்று பதிவாகிவிட்டால் நிறுவனம் எட்டு வாரங்களுக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

காத்திருந்த வாரங்களில் பழுதுநீக்கும் கடைக்காரரிடம் மதிப்பீடு வாங்க வேண்டியிருந்தது. நல்ல மனிதர். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்து, இதுவும் தேய்ந்துவிட்டது, பின்பல் சக்கரங்களும் அப்படியே, பிரேக் கட்டைகள் முடிந்தே போயின, இவற்றையும் சேர்த்தே எழுதிவிடட்டுமா என்று கேட்டார். அவர் குரலில் கள்ளம் ஏதுமில்லை. மருந்துக் கடையில் மீதிச் சில்லறைக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்பதைப் போலக் கேட்டார். ஏறக்குறைய நூறு பவுண்டு வித்தியாசம். அதாவது, எந்தக் கோரிக்கையிலும் நாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டிய முதல் நூறு பவுண்டு, எக்ஸஸ் என்கிறார்களே, அதற்குச் சரியாக ஈடாகும் தொகை. அந்தக் கடையில் நின்றபடி நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை.

காப்பீட்டுச் சட்டத்தின் நெடுங்கதையே உண்மை பேசுவதைப் பற்றியதுதான். சுமத்ராவில் பென்கூலு என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், அந்நியர் தாக்கக்கூடும் என்று லண்டனில் காப்பீடு செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று காப்பீடு தந்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு, இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டினார். அதே தீர்ப்பில் கார்ட்டருக்குப் பணமும் கிடைத்தது. அவருடைய பெயர் கொள்கைக்காக நினைவுகூரப்படுகிறது. வென்றதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். 2016இல் இங்கே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கைத் தீர்த்தது. இயந்திர அறையில் நீர் புகுந்த ஒரு சரக்குக் கப்பல். எச்சரிக்கை மணி ஒலித்தும் கப்பல் ஆடுவதால்தான் ஒலிக்கிறது என்று மாலுமிகள் விட்டுவிட்டதாக உரிமையாளர் தரப்பு சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய் இல்லாமலேயே கோரிக்கை செல்லுபடியாகும். ஆகவே பணம் உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். தேவையற்ற பொய்யை மன்னித்தார்கள். சங்கிலியும் பிரேக் கட்டையும் அந்த வகையில் சேரா. அவை தொகையை ஊதிப் பெருக்கும் பொய். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட மோசடிக் கோரிக்கைக்கு நிறுவனம் எதையுமே தர வேண்டியதில்லை. உண்மையான பகுதியும் சேர்ந்து போய்விடும்.

சட்டத்துக்கு அஞ்சித்தான் வேண்டாம் என்றோமா என்று பின்னர் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருவர் ஆம் என்றார். மற்றவர், எங்கள் கடிதத்தின் முழுப் பலமும் தேய்மானம் வேறு, விழுந்தது வேறு என்று சொன்னதில்தான் இருந்தது. தேய்ந்த சங்கிலியை விழுந்த கணக்கில் எழுதினால் மதிப்பீட்டாளர் சொன்னதையே நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். இரண்டாவது காரணம் கொஞ்சம் அழகாக இருப்பதால் அதன் மீது எங்களுக்குச் சிறிது சந்தேகம் உண்டு.

ஐந்தாம் வாரம் பதில் வந்தது. மறுத்தது தவறு என்று எங்குமே எழுதாமல், மறுபரிசீலனையின் பேரில் ஏற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். சட்டகத்தைச் செப்பனிட முடியாது என்று கடைக்காரர் எழுதித் தந்திருந்ததால் பழையதற்குப் புதியது என்ற விதி அமலுக்கு வந்தது. 2015இல் வாங்கிய அந்த மாதிரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்கு இணையானது எழுநூற்று எண்பது பவுண்டு. புதிய வண்டியை அவர்கள் குறிப்பிடும் கடையில் எடுத்துக்கொள்ளலாம். ரொக்கமாக வேண்டுமென்றால் அந்தக் கடை அவர்களுக்குத் தரும் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு தருவார்கள். வண்டியாகவே எடுத்துக்கொண்டோம். எக்ஸஸ் நூறு பவுண்டை நேரே கடையில் கட்டினோம்.

இழப்பீடு முழுதாகத் தந்துவிட்டால் எஞ்சிய பொருள் நிறுவனத்துக்குரியது என்பதைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் படித்தோம். நசுங்கிய வண்டியை எடுத்துப்போக ஆள் வருவான். எட்டு வருடம் மழையிலும் பனியிலும் ஓடியது அது. பின்னால் இருக்கை பூட்டி முதலில் நாற்றங்காலுக்கும் பிறகு பள்ளிக்கும் குழந்தையைச் சுமந்தது. இருக்கை தனியாக வாங்கியது, அதைக் கழற்றி வைத்துக்கொண்டோம். கைப்பிடியில் மதுரையிலிருந்து கொண்டுவந்த பித்தளை மணி ஒன்று இருந்தது. அது வண்டியைச் சேர்ந்ததா, எங்களைச் சேர்ந்ததா? தொலைபேசியில் அதே பெண்மணியிடம் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, வண்டி வாங்கும்போது அது இருந்ததா என்றார். இல்லை. அப்படியென்றால் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார். புத்தகங்கள் ஏதும் சேதமடைந்தனவா, அவற்றையும் இதே கோரிக்கையில் சேர்க்கலாமே என்று அவராகவே நினைவூட்டினார். ஐந்து நூல்களின் தையல் பிரிந்திருந்தது. அவற்றில் மூன்று மறுபதிப்புக் காணாதவை. பழையதற்குப் புதியது என்ற விதியை அவற்றுக்கு எப்படிப் பொருத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. விலைப் பத்தியில் எழுத எண் எதுவும் கிடைக்காததால் விட்டுவிட்டோம்.

மறு ஆண்டு பிரீமியம் இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருநூற்று நாற்பத்தேழாக உயர்ந்தது. வேறு நிறுவனங்களில் விலை கேட்கலாம் என்று படிவங்களைத் திறந்தோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏதேனும் கோரிக்கை செய்ததுண்டா என்று எல்லாப் படிவங்களும் கேட்டன. ஆம். தேதி, தொகை. காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கத் தந்திருந்த வரிசையில் தீ, திருட்டு, நீர்க்கசிவு, புயல், தற்செயல் சேதம் என்றிருந்தது. ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தோம்.