ராணிக்கு எதிரா ஒரு பாட்டும், எங்க ஊர்க் கொட்டும்

எனக்கு ராக் இசை அறிமுகமானதே ஊர்ப் பாசத்துலதான். சிரிக்காதீங்க.

எங்க ஊர் நாசரேத். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போற ரயில் பாதையில இருக்கு. 1986ல பிளஸ் டூ படிக்கும்போது, ஸ்காட்லாந்துல ‘நாசரேத்’னே ஒரு ராக் குழு இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க. அப்புறம் தூக்கம் வருமா? பெரியம்மா மகன் அண்ணன் ஒருத்தர் கப்பல்ல வேலை பார்த்தார். லீவுல வந்துட்டுக் கிளம்புறப்ப அவர் கையைப் பிடிச்சு, "அண்ணே, நம்ம ஊர் பேருல ஒரு கேசட் இருக்காம், வாங்கிட்டு வாங்க"ன்னேன். (அது நம்ம ஊரும் இல்ல, இயேசு வளர்ந்த ஊரும் இல்ல, அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல உள்ள இன்னொரு நாசரேத்துன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அசடு வழிஞ்சதுதான் மிச்சம் :-))

அண்ணன் அடுத்த தடவை வந்தப்ப ரெண்டு கேசட் கொடுத்தார். ஒண்ணு நான் கேட்டது. இன்னொண்ணு மஞ்சள் அட்டை போட்டது. "கடைக்காரன் இதையும் கேளுன்னு தள்ளிவிட்டான், எனக்குத் தலைவலிதான் வந்துது, நீ வச்சுக்கோ"ன்னார். அதுதான் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோட ‘நெவர் மைண்ட் த பொல்லாக்ஸ்’. குழுவோட பேரை வீட்டுல வாய் திறந்து சொல்ல முடியாது. அட்டையைப் பழைய பாமாலைப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1975ல லண்டன்ல சேர்ந்த பசங்க. பாடகன் ஜானி ராட்டன், ஐரிஷ்காரங்களுக்குப் பிறந்த, வடக்கு லண்டன் ஏழைப் பையன். 1976 நவம்பர்ல இஎம்ஐ கம்பெனியில முதல் பாட்டு வந்தது. அடுத்த மாசமே, டிசம்பர் 1ஆம் தேதி, டிவி பேட்டியில நேரலையில கெட்ட வார்த்தை பேசினாங்க. பத்திரிகைகள் கொந்தளிச்சது. ஊர் ஊரா கச்சேரி ரத்து. 1977 ஜனவரியில இஎம்ஐ கை கழுவிருச்சு. மார்ச் 10ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனை வாசல்ல வச்சு ஏ அண்ட் எம் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாங்க. ஆறே நாள்ல அதுவும் முறிஞ்சது. கடைசியில வர்ஜின் கம்பெனிதான் எடுத்துக்கிச்சு.

அந்த வருசம் எலிசபெத் ராணிக்குப் பட்டத்துக்கு வந்து 25ஆவது வருசம். நாடே தோரணம் கட்டிக் கொண்டாடுது. சரியா அப்பப் பார்த்து, மே மாசக் கடைசியில, ‘காட் சேவ் த குவீன்’னு தேசிய கீதத்தோட பேரையே வச்சு, ராணியையும் கொண்டாட்டத்தையும் கிழிச்சு ஒரு பாட்டு. பிபிசி ஒலிபரப்ப மாட்டேன்னுருச்சு. பல கடைகள் விக்க மாட்டோம்னுட்டாங்க. அப்படியும் விற்பனைப் பட்டியல்ல ரெண்டாவது இடம் வந்தது.

இந்தப் பாட்டை நான் கேட்டதுல ஒரு வேடிக்கை. எங்க தாத்தா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சின்னப் பிள்ளையில தினமும் ராஜா வாழ்க பாட்டைப் பாடி வளர்ந்தவர். அடுத்த அறையில இருந்தவர் காதுல அந்தத் தலைப்பு மட்டும் விழுந்துட்டுது. "ஏல, இது ராஜா பாட்டுல்லா? ராகம் தப்பா இருக்கே, இவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"ன்னார். "புது ராகம் தாத்தா"ன்னு சொல்லித் தப்பிச்சேன்.

இன்னொரு கதை, எங்களை மாதிரி ஆங்கிலிக்கன் மரபுல வந்தவங்களுக்குன்னே நடந்த மாதிரி இருக்கும். அந்த மஞ்சள் அட்டை ஆபாசம்னு நாட்டிங்ஹாம்ல வர்ஜின் கடை மேனேஜர் மேல கேஸ் போட்டாங்க. 1889ஆம் வருசச் சட்டத்தை எல்லாம் தூசு தட்டி எடுத்தாங்க. அவருக்கு ஆதரவா சாட்சி சொல்ல வந்தவர் ஜேம்ஸ் கின்ஸ்லி, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர். அந்த வார்த்தை பழைய ஆங்கிலத்திலேயே உண்டு, ஒரு காலத்துல குருவானவங்களுக்கே பட்டப்பேரா இருந்ததுன்னு விளக்கினார். அவரே ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர்! 1977 நவம்பர்ல கேஸ் தள்ளுபடி. அடுத்த ஜனவரியில சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோட குழுவே உடைஞ்சு போச்சு. முறையா வந்த ஸ்டுடியோ ஆல்பம் அந்த ஒண்ணே ஒண்ணுதான்.

பதினேழு வயசுல இதெல்லாம் எவ்வளவு போதையா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் பெரிய கலகக்காரன்னு எனக்கே ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எவ்வளவு பொய்யின்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தேன்.

1987 டிசம்பர். கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்துல ஒரு கிராமம், பேரு வேண்டாம். அங்க வாலிபர் குழுவுல எனக்கு மவுசு. ஏன்னா என்கிட்ட கித்தார் இருந்தது. (மூணு கார்டுதான் தெரியும். பங்க் பாட்டுக்கு அது போதும்.) என்கூட பிளஸ் டூ படிச்ச கூட்டாளி ஒருத்தன் அதே ஊர், கீழத்தெரு. அவங்க அப்பா கொட்டு அடிக்கிறவர். பறைன்னு நாம எழுதுறதை எங்க பக்கம் கொட்டுன்னுதான் சொல்வோம். கூட்டாளியும் பிரமாதமா அடிப்பான். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் அவன் கையில பேசும்.

விடியக்காலை பஜனை போறதுக்கு ஒத்திகை நடந்தது. அவன் மெதுவா கேட்டான்: "கித்தாரோட கொட்டும் சேர்த்தா நல்லா இருக்கும். கொண்டாரவா?"

எனக்கு நெஞ்சு துள்ளிச்சு. ஏன்னா அந்த மஞ்சள் கேசட்டுல இருந்த வேகம் என் கித்தார்ல இல்ல, அவன் கொட்டுலதான் இருந்தது.

கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் குரலை உசத்தாமச் சொன்னார்: "கர்த்தர் பிறப்புக்குச் சாவுக்கொட்டா தம்பி?"

யாரும் பேசல. நானும் பேசல. வெள்ளைக்காரன் கித்தார் என் கையில இருந்தது, அதை யாரும் ஏன்னு கேக்கல. இங்கிலாந்து ராணியை எவனோ திட்டுறதுக்குக் கைதட்டினவனுக்கு, பத்தடி தூரத்துல உக்காந்திருந்த பெரியவர்கிட்ட "ஏன்?"னு ஒரு வார்த்தை கேட்க வாய் வரல. கூட்டாளி அன்னிக்குப் பஜனைக்கு வந்தான். பெட்ரோமாக்ஸ் லைட்டைத் தூக்கிக்கிட்டுக் கடைசியில நடந்தான். வெளிச்சம் பிடிக்கிறதுக்கு அவன் ஆகும்.

இத்தனைக்கும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில தியாபிலஸ் அப்பாவுன்னு ஒருத்தர், எல்லாரும் ‘பரட்டை’ன்னு கூப்பிடுவாங்க, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள்ள கொண்டுவரப் பாடுபட்டவர் (1940-2005). கர்நாடக ராகத்துல உள்ள கீர்த்தனைகள் மேல்சாதிக்காரங்க இசையைச் சார்ந்தது, கிராமத்து ஏழைக்கு அவன் இசையில ஆராதனை வேணும்கிறது அவர் கட்சி. எனக்கு அவர் பேரே நாற்பது வயசுக்கு மேலதான் தெரியும். லண்டன் தெரிஞ்சது, மதுரை தெரியல.

இப்ப 2018க்கு வாரேன். ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம், சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானம். ‘த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’னு ஒரு குழு முதல் முறையா மேடை ஏறுது. இயக்குநர் பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினது. பத்தொன்பது பேர். அதுல ஒரே பெண், கானா பாடுற இசைவாணி. பறை, சட்டி, கட்டமோளம் ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கித்தார், டிரம்ஸ் இன்னொரு பக்கம், நடுவுல அறிவோட ராப். அயோத்திதாச பண்டிதர் (1845-1914) சொன்ன ‘சாதி பேதமற்ற தமிழர்’ங்கிறதிலிருந்துதான் குழுவுக்குப் பேர். இட ஒதுக்கீட்டைப் பத்தி ‘கோட்டா’ பாட்டு, மாட்டுக்கறியைப் பத்தி ஒண்ணு, அம்பேத்கருக்கு ‘ஜெய் பீம்’ பாட்டு. எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு!

நான் யூட்யூப்லதான் பார்த்தேன். பறையும் கித்தாரும் ஒண்ணா ஆரம்பிச்ச இடத்துல நிறுத்திட்டேன். முப்பது வருசத்துக்கு முந்தி அவன் கேட்டது இதைத்தானே? அதுவும் ஒரு சிஎஸ்ஐ பள்ளிக்கூட மைதானத்துல!

இவங்களைத் தமிழ்நாட்டு பங்க்னு சில நண்பர்கள் சொல்றாங்க. நான் பாதிதான் ஒத்துக்குவேன். கோபம் ஒண்ணுதான், அதிகாரத்துக்கு முன்னாடி கூச்சப்படாம நிக்கிறது ஒண்ணுதான். ஆனா பிஸ்டல்ஸ் பசங்க ‘எதிர்காலமே கிடையாது’ன்னாங்க, இவங்க எதிர்காலத்துல பங்கு கேக்கறாங்க. அவங்க பழசையெல்லாம் உடைக்கணும்னாங்க. இவங்க, அசிங்கம்னு ஒதுக்கின பழசை எடுத்துத் துடைச்சு நடு மேடையில வைக்கறாங்க.

விலையும் ஒண்ணு இல்ல. பிபிசி தடுத்த அந்தப் பாட்டை 2022ல ராணியோட 70ஆம் வருசக் கொண்டாட்டத்தையொட்டி மறுபடி வெளியிட்டாங்க. விழா நினைவுப் பொருள் மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு முந்தின வருசம், டிவி தொடர்ல பாட்டுகளைப் பயன்படுத்துற உரிமைக்காகப் பாடகரும் மத்தவங்களும் கோர்ட்டுல மோதிக்கிட்டாங்க. பாடகர் தோத்தார். இந்தப் பக்கம் பாருங்க. சபரிமலை விவகாரம் கொதிச்ச 2018ல, பெண்கள் கோயிலுக்குள்ள போற உரிமையைக் கேட்டு இசைவாணி ‘ஐயாம் சாரி ஐயப்பா’ன்னு பாடினாங்க. ஆறு வருசம் கழிச்சு, 2024 நவம்பர்ல, அதைத் தோண்டி எடுத்துப் போலீஸ்ல புகார், போன்ல மிரட்டல். நீலம் அமைப்பு அவங்க பக்கம் நின்னது. 2020ல பிபிசியோட நூறு பெண்கள் பட்டியல்ல இடம்பிடிச்ச பாடகி! ராணியைத் திட்டினவங்களுக்கு வயசாக வயசாக மன்னிப்பு கிடைச்சுது. ‘உள்ளே வரலாமா’ன்னு கேட்டவங்களுக்கு மட்டும் கணக்கு முடியவே மாட்டேங்குது.

அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரிதான் கூட்டாளிக்குப் போன் பண்ணினேன். ரிட்டயர்மென்ட்டை எண்ணிக்கிட்டிருக்கான். கச்சேரி லிங்க்கை முதல்லயே அனுப்பியிருந்தேன். பஜனை விசயத்தைச் சொல்லி, "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்லே"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"எனக்கு மறந்திருக்கும்னு நெனச்சியா?"ன்னான். அப்புறம் அவனே சொன்னான்: "நான் கொட்டைத் தொட்டு முப்பது வருசமாச்சு. எங்கப்பா இனி நீ இதைத் தொடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். ஊரான் சாவுக்கு அடிச்சு அடிச்சுக் குனிஞ்சது போதும்னார். அவர் செத்தப்பக்கூட நாங்க கொட்டு வைக்கல."

எனக்குச் சொரேர்னுது. நான் என்னவோ, அவனுக்கு ஒரு பரிசு கொடுக்கிற மாதிரி லிங்க் அனுப்பியிருக்கேன். பறை விடுதலை இசைன்னு எழுதுறது எனக்குச் சுலபம். அதை விட்டாத்தான் விடுதலைன்னு நினைச்ச அப்பாக்கள் இருந்திருக்காங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

"அப்ப அந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கலையா?"ன்னு இழுத்தேன்.

"பிடிக்காம என்ன? மூணு தடவை பார்த்தேன். அந்தப் பயலுவ யாரு சொல்லியும் அடிக்கல, அவனுவளுக்காக அடிக்கானுவ. நிமிந்து நின்னு அடிக்கானுவ பாரு. எங்கப்பா பார்த்திருக்கணும்லே."

மன்னிச்சுட்டேன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல. வர்ற கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வாரியான்னு கேட்டேன். பார்ப்போம்னான்.

பி.கு: கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளைத் தயவுசெஞ்சு மொபைல் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. பறையோட அடிச்சத்தம் அதுல வராது. நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்க, கேட்டுட்டு எப்படி இருந்துதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மஞ்சள் கேசட் இன்னும் என்கிட்டதான் இருக்கு. நாடா சிக்கிப் போச்சு, பாடாது.