போடி மெட்டுக்கு ஓர் அனுமதி

போன மாதம் போடிநாயக்கனூரில் அண்ணன் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். ஏலக்காயை ஏலம் போடும் ஊர் அது. மூட்டை இறங்கும் தெருவில் நடந்தாலே சட்டையில் மணம் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் காலை அண்ணன் மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, மோட்டார் சைக்கிளிலே போடி மெட்டு வரைக்கும் போய்விட்டு வரட்டுமா? அப்பா உங்களைக் கேட்கச் சொன்னார்."

பொறுப்பைத் தட்டிக் கழிக்க அண்ணனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!

"தனியாகவா? 17 கொண்டை ஊசி வளைவம்மா. மேலே மூடுபனி வேறே. வேண்டாம்" என்றேன்.

அவள் வாதாடவில்லை. பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதில் இருந்தது பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸேயின் கதை. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியின் பந்தயக் குழுவில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். பந்தயம் என்றால் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது வேறு. மணலிலும் கல்லிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தன்னந்தனியாகப் போக வேண்டும். வழி சொல்ல ஆள் கிடையாது. கைப்பிடிக்கு மேலே ஒரு பெட்டியில் சுருட்டி வைத்த காகிதம். எத்தனையாவது கிலோமீட்டரில் பள்ளம், எங்கே திரும்ப வேண்டும் என்று அதில் குறிகள். ஓட்டிக்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

2018-இல் ஸ்பெயின் நாட்டு ஆரகோன் பந்தயத்தில் அவர் விழுந்தார். கணையம் கிழிந்துவிட்டது. படித்தபோது எனக்கு அடிவயிறு சில்லிட்டது. ஆனால் மறு வருஷமே துபாயில் முதலிடம். விழுந்த அதே ஸ்பெயினுக்கும் திரும்பிப் போய் ஐந்தாமிடம். 2019-இல் பெண்கள் பிரிவின் உலகக் கோப்பை 65 புள்ளிகளோடு அவர் கைக்கு வந்தது. அடுத்து வந்த போர்ச்சுகல் பெண்ணுக்கு 61.

துண்டை மடித்து வைத்தேன். அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உலகக் கோப்பை வேறு, நம் வீட்டுப் பெண் வேறு அல்லவா?

மறுநாள் விடியுமுன்பே தெருவில் ஜீப் சத்தம். எல்லைக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குச்சட்டியும் கையுமாக நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அதே மெட்டு, அதே 17 வளைவு, அதே பனி. தோட்டத்து ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியை நான் படித்ததில்லையா? படித்ததுண்டு. இருந்தும் "வேண்டாமம்மா" என்று தடுக்க எந்தச் சித்தப்பாவும் அந்தத் தெருவில் நிற்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நானும் நிற்கவில்லை. வயிற்றுக்காக என்றால் பெண் மலை ஏறலாம், மனசுக்காக என்றால் கூடாது. நேற்று நான் சொன்னதன் அர்த்தம் அதுதான் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன்.

"தலைக்கவசம் இருக்கிறதா?"

"இருக்கு, சித்தப்பா."

"பிரேக்கைப் பார்க்க வேண்டாமா?"

"நேற்றே பார்த்தாச்சு."

நேற்றே! நான் வேண்டாமென்று சொன்னதும் நேற்றுத்தான்.

பனி விலகட்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். எட்டரை மணிக்குக் கிளம்பிப் போனாள். பத்து மணி சுமாருக்கு மெட்டிலிருந்து போன் வந்தது.

"வந்துட்டேன், சித்தப்பா. இங்கே ஒரே குளிர். டீ குடிச்சிட்டு இறங்கறேன்."

அதற்குள் கீழே நானும் அண்ணனும் மூன்று தடவை காபி குடித்திருந்தோம்.