பார்க்காத அணிக்கு நான் எழுதிய தீர்ப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி எழுதுகிறவன் நான். 2024 மார்ச்சில் இந்தியானா ஸ்டேட் அணியைப் பற்றி நான் எழுதியது அநியாயம். தெரியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

ஆண்கள் என்சிஏஏ போட்டியில் அந்த ஆண்டு 68 அணிகளுக்கு இடம் இருந்தது. அதில் 32 இடங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேராகப் போயின. மீதி 36 அணிகளை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு பொறுக்கியது. இந்தியானா ஸ்டேட் 28 ஆட்டங்களில் வென்று ஆறில்தான் தோற்றிருந்தது. அணிகளை எடைபோடக் குழு பயன்படுத்தும் 'நெட்' தரவரிசையில் முதல் 30 இடங்களுக்குள் இருந்தது. ஆனால் தன் கான்ஃபரன்ஸான மிசௌரி வேலியின் இறுதியாட்டத்தில் டிரேக்கிடம் தோற்றதால் நேரடி இடம் போய்விட்டது. குழுவும் கைவிட்டது. அதே தரவரிசையில் அதற்கு வெகு கீழே இருந்த வர்ஜீனியாவுக்கு இடம் கிடைத்தது.

நான் குழுவுக்காக வாதாடினேன். "இவர்கள் யாரை ஜெயித்தார்கள்?" என்று கேட்டேன். வர்ஜீனியா 2019-இல் பட்டம் வென்ற கல்லூரி, ஏசிசி என்ற பெரிய கான்ஃபரன்ஸில் ஆடும் கல்லூரி. எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. இந்தியானா ஸ்டேட்டின் ஓர் ஆட்டத்தைக்கூட அதுவரை நான் முழுதாகப் பார்த்திருக்கவில்லை. 1979-இல் லாரி பேர்ட் இறுதியாட்டம் வரை கொண்டுசென்ற கல்லூரி என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

என் கேள்வி எவ்வளவு நேர்மையற்றது என்பது அன்றே எனக்குத் தெரியும். என்னை உறுத்துவது அதுதான். குழு மிகவும் மதிக்கும் முதல் பிரிவு வெற்றி என்பது சொந்த அரங்கில் முதல் 30 இடத்து அணியை, பொது அரங்கில் முதல் 50-ஐ, எதிரணி ஊரில் முதல் 75-ஐ வெல்வது. பெரிய கான்ஃபரன்ஸில் இருக்கும் அணிக்கு அந்த வாய்ப்பு அடிக்கடி தானாகவே வரும். சின்னக் கல்லூரி அழைத்தால் பெரிய கல்லூரிகள் அதன் அரங்குக்கு எளிதில் வருவதில்லை. தோற்றால் பெயர் கெடும், ஜெயித்தாலும் பெரிய லாபமில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பவனைப் போலத்தான் நான் கேட்டேன்.

என்சிஏஏ போட்டியின் தொடக்கமாக டேட்டனில் நடந்த 'முதல் நால்வர்' சுற்றில் வர்ஜீனியா கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றது. அந்தத் தோல்வியால்தான் என் தவறு வெளிப்பட்டது என்று சொல்ல மாட்டேன். வர்ஜீனியா வென்றிருந்தாலும் பார்க்காத ஆட்டத்துக்கு நான் மதிப்பெண் போட்டது போட்டதுதான்.

என்சிஏஏ போட்டியில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் என்ஐடி போட்டியில்தான் இந்தியானா ஸ்டேட்டை முதல்முறை உட்கார்ந்து பார்த்தேன். ராபி அவிலா என்ற கண்ணாடி அணிந்த சென்டர், கூடைக்கு வெகுதூரத்தில் நின்றபடியே பந்தைப் பிரித்துக் கொடுத்து மொத்த ஆட்டத்தையும் நடத்தினார். நான்கு பேர் ஓடும் திசை அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இப்படி ஓர் ஆட்டத்தை அந்தப் பருவம் முழுதும் தவறவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. இறுதியாட்டத்தில் சீட்டன் ஹாலிடம் 79-77 என்று தோற்றார்கள்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லவும் இடமில்லை. பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குப் போனார், அவிலாவும் அங்கேயே சேர்ந்தார். தொடக்க ஐவரில் ஒருவர்கூட இந்தியானா ஸ்டேட்டில் தங்கவில்லை. அந்த அணிக்கு இருந்தது அந்த ஒரு மார்ச்தான். அவர்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று நான் எழுதியது தவறு.