அக்காவின் கணக்கு

என் அக்காவைக் கொடுத்திருப்பது கூமாப்பட்டியில். பிளவக்கல் அணைக்குப் பக்கம். தென்னந்தோப்பும் ஒரு பிக்கப் வண்டியும்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன.

போன வருஷம் தேங்காய்ப் பாரத்துடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தது பாருங்கள், அக்கா குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுவாரமே அத்தான் 'ஸ்டெபிலைசர்' கம்பி வாங்கி மாட்டினார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் எஃகுக் கம்பி அது. வளைவில் வண்டி ஒரு பக்கம் அமுங்கினால், கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும், சாய்வு குறையும். பள்ளம் மேட்டில் மட்டும் ஆட்டம் சற்றுக் கூடுதல்!

"இனி இன்னும் 500 காய் ஏற்றலாம்" என்று அத்தானும் மீசையை முறுக்கினார்.

அக்கா விடவில்லை. "கம்பி சாய்வைத்தானே பிடிக்கும்? பாரத்தைச் சுமப்பது பழைய ஸ்பிரிங் பட்டைதானே? பிரேக்கும் அதே பிரேக்தானே?"

அத்தான் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் வண்டியில் ஏறும் காய்களை எண்ணுவது அக்காதான். கம்பியின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவில் நான் நிம்மதியாகப் போவது அக்காவின் கணக்கை நம்பித்தான்.