அனுமதியும் அபயமும்

ஹோ சி மின் நகரம்,
வியட்நாம்

அன்பார்ந்த ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுவுடைமைக் கட்சி ஒன்றே ஆளுகிற நாட்டில் தெருவுக்குத் தெரு தனியார் கடைகள் தழைத்திருப்பது எவ்வாறு என்று சென்ற மடலில் வினவியிருந்தீர்கள். ஒரு காலத்தில் குற்றமாயிருந்த வியாபாரம், பின்னர் கண்டும் காணாமல் விடப்பட்டு, அதன் பின் அனுமதி பெற்று, இன்று அரசாங்கமே போற்றும் தொழிலாவதற்கு இங்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. சட்டத்தைத் திருத்துவது அந்த நெடிய யாத்திரையில் சுலபமான பகுதி. வியாபாரியின் மனத்தில் குடிகொண்ட அச்சத்தைப் போக்குவதே கஷ்டமான பகுதி, அது இன்னும் முற்றுப்பெறவில்லை என்பது இங்கே வாழ்ந்து நான் கண்டறிந்த உண்மை.

1975 ஏப்ரல் 30-ஆம் தேதி, அந்நாளில் சைகோன் எனப்பட்ட இந்நகரம் வீழ்ந்து, மறு வருஷம் நாடு ஒன்றுபட்டபோது, தெற்கின் வாணிபம் பெரும்பாலும் சோலோன் வட்டாரத்துச் சீன வணிகரின் கையில் இருந்தது. 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் எழுபது வயது கடந்த அம்மையார், கணக்குப் புத்தகங்களோடு வந்த இளைஞர்கள் தம் தகப்பனார் கடையின் முன்னறையிலேயே தங்கி, ஒவ்வொரு துணிச் சுருளையும் பிரித்து அளந்து எழுதிக்கொண்டதையும், தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசாமல் அளவுகோலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் இன்றும் விவரிப்பார். அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் படகேறிக் கடலில் இறங்கின; மிஞ்சியவர்கள் அரிசிக்கும் இறைச்சிக்கும் துணிக்கும் கூப்பனை ஏந்தி வரிசையில் நின்றார்கள். ஒரு மாகாணத்திலிருந்து மறு மாகாணத்துக்குச் சில கிலோ அரிசி கொண்டுபோனாலும் சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்யப்பட்ட காலம் அது.

மெகோங் டெல்டா என்னும் நெற்களஞ்சியம் அருகிலேயே இருக்க, இந்நகரத்தார் சோளமும் கிழங்கும் கலந்த சோற்றை உண்ண நேர்ந்தது. அரசாங்கம் நிர்ணயித்த கொள்முதல் விலை சந்தை விலையில் ஒரு சிறு பங்கே. அந்த விலைக்கு நெல்லைக் கொடுக்க எந்த விவசாயி சம்மதிப்பான்? அப்போதுதான் பா தி என்று மக்கள் அன்போடு அழைத்த நுயென் தி ராவ் என்னும் அம்மையார், நகரின் உணவு நிறுவனத்தை நடத்தியவர், விதியை மீறி டெல்டாவுக்குச் சென்று சந்தை விலைக்கே நெல் வாங்கிவந்தார். நகரக் கட்சிச் செயலாளராக இருந்து பிற்காலத்தில் பிரதம மந்திரியான வோ வான் கியெட் அவருக்குப் பக்கபலமாக நின்றார். பா தி சிறை சென்றால் தாமே அவருக்குச் சோறு கொண்டுபோவதாக அவர் வாக்களித்தார் என்று இந்நகரத்தார் இன்றும் சொல்கிறார்கள். மேலிருந்து வந்த ஆணையால் மட்டும் சீர்திருத்தம் பிறக்கவில்லை. பசித்த ஊருக்கு அரிசி வேண்டும் என்ற தர்மத்துக்காக விதியை மீறத் துணிந்தவர்களால் அது முதலில் பிறந்தது.

1986-இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வாண்டு டிசம்பரில் கூடிய ஆறாவது கட்சி மாநாடு, நுயென் வான் லின்னைப் பொதுச் செயலாளராகத் தேர்ந்து, ‘தோய் மோய்’ என்னும் புத்தாக்கக் கொள்கையைப் பிரகடனம் செய்தது. 1988-இல் விளைநிலத்தின் பொறுப்பு குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை அரிசியை இறக்குமதி செய்துவந்த தேசம், 1989-இல் சுமார் 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. மண் அதே மண். உழுதவன் பலனை உழுதவனே அனுபவிக்கலாம் என்ற நிலை வந்ததே காரணம்.

கடைக்கும் தொழிற்சாலைக்கும் அந்த விடுதலை இவ்வளவு விரைவில் வந்துவிடவில்லை. 1990 டிசம்பரில் இயற்றப்பட்ட கம்பெனிச் சட்டமும் தனியார் தொழில் சட்டமும் வியாபாரத்தை அங்கீகரித்தன என்றாலும், கம்பெனி தொடங்க விரும்பியவர் மாகாண மக்கள் குழுவின் அனுமதியைப் பெற்றாக வேண்டியிருந்தது. ராஜாஜி ‘பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று கண்டித்ததை நினைவில் வைத்திருக்கும் நம்மவர்க்கு அந்தத் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் அமலுக்கு வந்த புதிய தொழில் நிறுவனச் சட்டம்தான் உண்மையான திருப்புமுனை. அதிகாரி அனுமதித்ததை மட்டுமே பிரஜை செய்யலாம் என்ற நியதி போய், சட்டம் தடுக்காத எதையும் பிரஜை செய்யலாம் என்ற நியதி வந்தது. விண்ணப்பம் போய்ப் பதிவு வந்தது. அடுத்த மாதமே 84 வகை உரிமங்கள் ஒரே உத்தரவில் ரத்தாயின. அதே ஆண்டு ஜூலையில் இந்நகரில் பங்குச் சந்தை இரண்டே கம்பெனிகளின் பங்குகளோடு திறக்கப்பட்டது. 2007 ஜனவரியில் வியட்நாம் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது.

சட்டம் வழிவிட்டது; தொழிலுக்கு வேண்டிய முதலுக்கு வழி என்ன? கடனுக்கு ஈடாகக் கூடிய நிலமோ சமஸ்த மக்களின் சொத்து. பிரஜைக்கு இருப்பது அதை உபயோகிக்கும் உரிமை மட்டுமே. 1993-ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்த உரிமையை விற்கவும் அடமானம் வைக்கவும் இடமளித்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் டெல்டாவின் வயல்களை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த நம் செட்டிநாட்டு நகரத்தாரின் நினைவாக, டோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயில் இன்றும் நிற்கிறது. இன்றைய வங்கியும் அதே ஈட்டைத்தான், நில உரிமைச் சான்றான சிவப்புப் புத்தகத்தைத்தான், கேட்கிறது. அது இல்லாதவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும், பெரும்பாலும் உற்றார் உறவினரிடமே கைநீட்ட வேண்டியிருக்கிறது.

ஆகையால்தான் 50 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பத் தொழில்கள் கம்பெனியாக வளராமல், வீட்டு முன்னறையிலேயே நின்றுவிட்டன. உத்தேசமாக நிர்ணயித்த மொத்த வரியைக் கட்டிவிட்டு, அதிகாரிகளின் கண்ணில் அதிகம் படாமல் இருப்பதே க்ஷேமம் என்பது அவர்கள் கொண்ட நியாயம். 2025 ஜூன் முதல், ஆண்டு வரவு 100 கோடி டோங்கை எட்டிய சில்லறைக் கடைகளும் உணவகங்களும் வரி இலாகாவோடு இணைந்த மின்னணு ரசீது தர வேண்டும் என்ற விதி வந்தபோது, கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்த கடைகள் பல. துணிக்கடை அம்மையார் என்னிடம் கேட்டார்: “பல வருஷங்களாக ரசீது இல்லாமல் வாங்கிய சரக்கு அலமாரி நிறைய இருக்கிறது, தம்பி. யாராவது வந்து அளந்து பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எதைக் காட்டுவேன்?” ரசீது கேட்பது நியாயமான விதிதான், ஆயினும் 1978-ஐக் கண்டவருக்கு, கணக்குக் கேட்கும் குரலெல்லாம் பறிமுதலின் குரலாகவே ஒலிக்கிறது.

இதை ஆள்வோரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். 2025 மே 4-ஆம் தேதி கட்சித் தலைமை வெளியிட்ட 68-ஆவது தீர்மானம், தனியார் துறையை நாட்டுப் பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்துசக்தி என்று கூறியதோடு, மீறலுக்குத் தெளிவான அடையாளம் இல்லாதவரை ஒரு நிறுவனத்தை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் சோதனை செய்யலாகாது என்றும், பொருளாதாரத் தவறுகளுக்குக் குற்றவியல் தண்டனைக்கு முன் மற்றப் பரிகாரங்களையே நாட வேண்டும் என்றும் வகுத்தது. 2030-க்குள் 20 லட்சம் கம்பெனிகள் என்பது அவர்கள் இலக்கு. 2026 ஜனவரி முதல் நாளோடு உத்தேச வரி முறையும் ஒழிந்தது. அந்த இலக்கு கைகூடுமா என்பதைச் சோதனைக்கு வரும் கடைநிலை அதிகாரியின் நடத்தையே நிர்ணயிக்கும்.

தொழில் தொடங்க அனுமதி அளிப்பதோடு அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. இன்று நியாயமாகச் சம்பாதித்தது நாளையும் தன்னுடையதே என்ற அபயத்தையும் அது பிரஜைக்கு அளிக்க வேண்டும். அனுமதியை ஒரே நாளில் அச்சிட்டுவிடலாம். அபயமோ, ஆண்டுதோறும் வாக்குத் தவறாமல் நடந்து காட்டித்தான் சம்பாதிக்கப்பட வேண்டும். சீர்திருத்தம் பேசும் எந்த ராஜ்யமும் வியட்நாமிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

தங்கள் அன்புள்ள,
கடல் கடந்த நண்பன்