முறுக்கிய பிடி

இலக்கியம் கற்பிக்கும் நாம் மிதிவண்டி இருக்கையைப் பற்றி எழுதுவது நண்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நாற்பத்தைந்தைக் கடந்தபின் முழங்கால் வலி நமக்குக் கற்பித்த பாடம் அது. இருக்கை தாழ்ந்திருந்தால் மேடேறுகையில் முழங்கால் மிகையாக மடங்கி நோகும். உயர்ந்திருந்தால் சரிவில் உடல் முன்னே சாயும்.

1980களில் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்செலும் இதற்காகவே 'ஹைட் ரைட்' என்னும் சுருள்வில்லை உருவாக்கினர். நம்முடையது இக்காலத்து 'டிராப்பர் போஸ்ட்'. ஹேண்டில்பாரிலுள்ள விசையை அழுத்தி உட்கார்ந்தால் இருக்கை இறங்கும். எழுந்து அழுத்தினால் உள்ளிருக்கும் காற்றழுத்தம் அதை உயர்த்தும்.

ஒருநாள் அது உயர மறுத்தது. கேபிளின் தொய்வைச் சரிசெய்தோம், தண்டைத் துடைத்தோம், பயனில்லை. வண்டியையே விற்றுவிட எண்ணினோம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மகள் நம்மோடு மனம்விட்டுப் பேசுவது மாலையில் மலைப்பாதையில் மிதிக்கும் அந்த ஒரு மணிநேரத்தில்தான்.

அவளே கேட்டாள்: "அப்பா, கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினீங்க?"

தண்டு நழுவிவிடுமோ என்றஞ்சி, பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருந்தோம். பிடி அளவுக்கு மீறி இறுகினால் வெளிக்குழாய் நெரிந்து உட்குழாயின் அசைவைத் தடுத்துவிடும். சற்றே தளர்த்தினோம், இருக்கை மெல்ல எழுந்தது. பின்னர்க் குறிப்பேடு சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

அன்று மாலை அவளுடைய மதிப்பெண்களைப் பற்றி நாம் எதுவும் கேட்கவில்லை.